பவுடர் டப்பாவில் வந்த பேரினம்

அன்புள்ள ஷீலா,

நம் வீட்டுக் கடிதங்கள் எல்லாம் ஸ்தோத்திரம் சொல்லித்தான் தொடங்கும். இதை அப்படித் தொடங்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஸ்தோத்திரம் பிறகு இருக்கட்டும். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும், நடுவில் இரண்டு தடவை என்னைத் திட்டுவாய். திட்டிக்கொள். ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்து நிமிஷத்தில் மேய்ந்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். அதைவிட, ஆங்கிலத்தில் நான் இருபது வருஷத்துக்கு மேல் ரிப்போர்ட் மட்டுமே எழுதியிருக்கிறேன். அந்த மொழியில் எனக்கு நன்றாக ஒளிந்துகொள்ளத் தெரியும். "சேகரிக்கப்பட்டது", "கண்டறியப்பட்டது" என்று எழுதினால் போதும், செய்தவள் யார் என்றே தெரியாது. தமிழில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

போன மாதம் உன் ராபின் ஹூஸ்டனிலிருந்து வந்திருந்தபோது சாப்பாட்டு மேஜையில் ஒரு கதை சொன்னான், ஞாபகம் இருக்கிறதா? "ஆன்ட்டி, டர்ன்பைக்ல ஒரு போலீஸ் ட்ரூப்பர் எங்களை நிறுத்தினான். டெய்ல் லைட் எரியல, அவ்வளவுதான் மேட்டர். அவன் இன்னும் வாயே திறக்கல, இவ கையைத் தூக்கிக்கிட்டு, என் பேக்ல ஒண்ணும் இல்ல சார்ங்கறா. அவனே ஒரு மாதிரி பார்த்தான்." நீயும் சிரித்தாய். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை என்றாய். அப்பாவும் சிரித்தார். நான் ரசம் எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்து போய், சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. இன்னும் ஐந்து வாரத்தில் உனக்குக் கல்யாணம், அதற்குப் பிறகு நீ டெக்ஸஸ் போய்விடுவாய். அதற்கு முன் இதைச் சொல்லாவிட்டால் நான் சொல்லவே மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

உனக்கு மூன்று வயதாகும்போது இந்த நாட்டுக்கு வந்தோம். நியூ ஜெர்ஸியில், பிளெய்ன்ஸ்பரோவில் ஒரே ஒரு பெட்ரூம் உள்ள அபார்ட்மென்ட். மருந்து கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்கு வேலை. விசா என் பெயரில். அப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. பாளையங்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த மனுஷன் இங்கே உனக்குத் தலை பின்னி, துணி மடித்து, ஜன்னலில் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வேலை போனால் விசா போகும், விசா போனால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டும். அதனால் நான் எதற்கும் பயந்தேன். அபார்ட்மென்ட் மேனேஜர் கதவைத் தட்டினால் பயம். அரசாங்க முத்திரை போட்ட உறை தபாலில் வந்தால், பிரிப்பதற்கு முன் அதை மேஜையில் வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன். பெரும்பாலும் அது அடுத்த வருஷத்து வரிப் படிவமாக இருக்கும்.

எங்கள் வேலை மண்ணோடு. அப்போது பல ஆன்டிபயாடிக் மருந்துகள் மண்ணில் வாழும் பாக்டீரியாக்களிலிருந்துதான் வந்தன. புது மண் கிடைத்தால் புது பாக்டீரியா, புது பாக்டீரியா கிடைத்தால் புது மருந்து என்பது எங்கள் கணக்கு. அதனால் லேபில் யார் லீவில் போனாலும் பால், அதாவது என் பாஸ், கையில் நாலு பிளாஸ்டிக் குழாயைத் திணித்து, போகிற இடத்தில் கொஞ்சம் மண் எடுத்து வா என்பார். ஃப்ளோரிடா போனவர்கள் ஃப்ளோரிடா மண் கொண்டுவந்தார்கள். ஒரு அம்மாள் தன் மாமியாரின் கல்லறைப் பக்கத்து மண்ணைக் கொண்டுவந்தாள். ஆனால் வெளிநாட்டு மண் என்றால் அரசாங்க அனுமதி வேண்டும், முன்கூட்டியே ஆபீஸில் சொல்லி விண்ணப்பம் போட வேண்டும். எண்பத்தொன்றில் உன் சித்தி கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போனோமே, அதற்கு முன் நான் ஆபீஸில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்னொரு படிவத்தில் என் பெயர் ஏறினால் எங்காவது யாராவது என் ஃபைலைத் திறந்து பார்ப்பார்களோ என்று பயம். ஒரு காகிதத்துக்குப் பயந்து நான் செய்தது அந்தக் காகிதத்தைவிடப் பெரிய காரியம்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் உன் புதுச் சித்தப்பா தன் உப்பளத்தைக் காட்டக் கூட்டிப்போனார். நீ வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டு சலித்துப்போய் நின்றாய். ஒரு பாத்தியின் ஓரத்தில், வெள்ளை உப்புப் பொருக்குக்கு அடியில் மண் இளஞ்சிவப்பாக இருந்தது. என் கை அரித்தது. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு வரும் அரிப்பு அது, யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. இரண்டு கைப்பிடி அள்ளினேன். வீட்டில் காயவைத்தேன். காய்ந்ததும் அது கிட்டத்தட்ட வெள்ளையாகிவிட்டது. சித்தியின் பழைய முகப்பவுடர் டப்பா ஒன்று காலியாகக் கிடந்தது, அதில் போட்டு என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இதில் என்ன தப்பு, மண்தானே என்று அப்போது நினைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நினைக்கவில்லை. தப்பு என்று தெரிந்துதான் செய்தேன்.

விமானத்தில் சுங்க அட்டையைக் கொடுத்தார்கள். செடி, பழம், மண் ஏதாவது கொண்டுவருகிறாயா என்று அதில் கேட்டிருந்தது. மண் என்ற வார்த்தையை இரண்டு தடவை படித்தேன். இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து உன்னை எழுப்பி பாத்ரூமுக்குக் கூட்டிப்போனேன். அந்தச் சின்ன அறைக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நிற்க, உன் துணிப் பையில் க்ரேயான் பெட்டிக்கு அடியில் டப்பாவை வைத்தேன். குழந்தையின் பையை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று கணக்கு. "யாராவது கேட்டா என்ன சொல்லணும்? பவுடர்னு சொல்லு. என் பவுடர்னு சொல்லு. எங்க, ஒரு தடவை சொல்லுட்டி பார்ப்போம்." நீ தூக்கக் கலக்கத்தில் மூன்று தடவை சொல்லிக் காட்டினாய். உனக்கு ஏழு வயது.

நியூயார்க்கில் எங்கள் பெட்டிகளைத் திறந்தார்கள். ஊறுகாய், வடகம், சித்தி கொடுத்த மஸ்கோத் அல்வா எல்லாம் மேஜைமேல் ஏறின. அதிகாரி நல்ல மனுஷன்தான், பேத்தி எடுத்த வயது இருக்கும். எல்லாம் முடிந்து போகச் சொல்லப்போகிற நேரத்தில் உன் பையைப் பார்த்தார். குனிந்து, கண்ணே, உன்னிடம் என்ன இருக்கிறது என்றார். க்ரேயானைக் காட்டினாய். அவர் டப்பாவை எடுத்தார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவுக்கு அதுவரை விஷயமே தெரியாது, ஏன் இவள் நகத்தால் குத்துகிறாள் என்று என்னைப் பார்க்கிறார். "பவுடர்," என்றாய். யாருடையது என்று கேட்டார். "என்னோடது." அவர் அதை ஒரு தடவை குலுக்கிவிட்டுச் சிரித்தபடி உன் கையில் திருப்பிக் கொடுத்தார். அப்போது உன் காலுக்குக் கீழே தரையில் ஈரம் பரவியது. நீண்ட பிரயாணம், பாவம் குழந்தை, பாத்ரூம் அந்தப் பக்கம் என்று அவரே வழி காட்டினார்.

அங்கே உன் கவுனை அலசிக்கொண்டே நான் உன்னிடம் சொன்னது இதுதான்: "நல்ல பொண்ணு. எவ்வளவு அழகா சொன்ன." நீ என்னைப் பார்த்துக் கேட்டாய், "அம்மா, நான் லை பண்ணேன்ல? போலீஸ் என்னைக் கூட்டிட்டுப் போவாங்களா?" அந்த இடத்தில் ஒரு தாய் சொல்லக்கூடிய பதில் நூறு இருக்கும். நான் சொன்னது, "நீ யார்ட்டயும் சொல்லலன்னா கூட்டிட்டுப் போக மாட்டாங்க." வாயிலிருந்து வந்துவிட்டது. பயத்தில் இருக்கிறவள் வாயிலிருந்து பயம்தான் வரும்.

நீ யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருஷம் முழுக்க நீ அதிகமாக எதுவுமே சொல்லவில்லை. காலிங் பெல் அடித்தால் துணி மாட்டுகிற க்ளோசெட்டுக்குள் போய்க் கோட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொள்வாய். பள்ளிக்கூட நர்ஸ் இரண்டு முறை கூப்பிட்டுப் பேசினாள். ஷீலாவுக்குக் கூச்ச சுபாவம், எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் அப்படித்தான் என்று நான் அவளுக்கு விளக்கம் சொன்னேன். ஜெபக் கூட்டத்துக்கு வருகிற ஆன்ட்டிகளிடமும் அதையே சொன்னேன், அவர்களும் உன் கன்னத்தைக் கிள்ளி எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று மெச்சினார்கள். லேபில் எதை எந்த இனத்தோடு சேர்ப்பது என்று பார்த்துப் பார்த்துச் சம்பளம் வாங்கியவள் நான். என் பிள்ளையின் பயத்தைக் கூச்சம் என்ற பெட்டியில் போட்டு மூடிவிட்டேன்.

அப்பாவுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "தூக்கிக் குப்பையில போட்டுட்டு கையைக் கழுவு," என்றார். அதைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. திங்கட்கிழமை அதை லேபுக்கு எடுத்துப்போனேன். அங்கே ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டு, பதிவேட்டில் நம்பருக்கு எதிரே அது எங்கே எடுத்தது என்று எழுத வேண்டும். அந்தக் கோடையில் நாம் ஷோர் பக்கம், கடற்கரைக்குப் பிக்னிக் போனோமே, மரப்பாலத்துக்குப் பக்கத்தில் உப்புச் சதுப்பு நிலம், கொசு பிடுங்கியது என்று அப்பா பாதியில் கிளம்பச் சொன்னாரே, அந்த இடத்தை எழுதினேன். அதுவும் உப்பு, இதுவும் உப்பு. எங்களிடம் வருகிற மண்ணில் ஆயிரத்தில் ஒன்றுகூட உருப்படாது. இதுவும் குப்பைக்குத்தான் போகும், கொஞ்ச நாளில் அந்த வரியும் யாருக்கும் வேண்டாததாகிவிடும் என்று நம்பித்தான் எழுதினேன்.

உருப்பட்டுவிட்டது. மூன்று வாரம் கழித்து, எல்லாரும் தூக்கி எறிகிற பெட்ரி டிஷ்ஷில், கடுகளவுக்கு வெள்ளையாக ஒன்று முளைத்திருந்தது. பாக்டீரியாவைக் கண்ணால் பார்த்துப் பெயர் வைக்க முடியாது, ஷீலா. அதன் செல்சுவரை உடைத்து எதனால் கட்டியிருக்கிறது என்று பார்ப்போம், எந்தச் சர்க்கரை இருக்கிறது, எந்தக் கொழுப்பு இருக்கிறது, எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஏற்கெனவே பெயர் வைத்தவற்றோடு ஒப்பிடுவோம். சுவர் ஒரு பேரினத்தோடு பொருந்தியது, கொழுப்பு பொருந்தவில்லை. கொழுப்பு பொருந்திய இடத்தில் சுவர் பொருந்தவில்லை. ஒரு வருஷம் மாற்றி மாற்றிப் பார்த்தோம். கடைசியில் பால் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, இது எந்த வீட்டுப் பிள்ளையும் இல்லை, தனி வீடு என்றார். பேரினம் என்பது இந்த ஊர்க்காரர்களின் லாஸ்ட் நேம் மாதிரி. புதுச் சிற்றினம் கண்டுபிடிக்கிறவர்கள் நிறையப் பேர். புதுப் பேரினம் என்பது ஒருவருடைய வாழ்நாளில் ஒரு தடவை வந்தாலே பெரிது. லேபில் கேக் வெட்டினார்கள். பதிவேட்டில் எழுதிய அந்த வரியை நினைத்தபடி நான் சிரித்துக்கொண்டே நின்றேன்.

பெயர் வைக்க வேண்டும். கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் அசிங்கம், யாரும் செய்ய மாட்டார்கள். பாலுக்கு லத்தீன் பைத்தியம். நியூ ஜெர்ஸிக்கு லத்தீனில் நோவா சீசரியா என்று பெயர், பழைய செப்புக் காசில்கூட இருக்கிறது, நம் ஊர் மண்ணிலிருந்து வந்ததற்கு நம் ஊர்ப் பெயரே இருக்கட்டும் என்றார். சீசரியோமைசஸ். எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டார். ரொம்ப அழகாக இருக்கிறது என்றேன். தூத்துக்குடி உப்பளத்துச் சேறு, ரோம ராஜா மாதிரி பட்டம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. வேறு நேரமாக இருந்தால் நானும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

இங்கேதான் கேரல் வருகிறாள். கேரல் ஆன்ட்டியை உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்குச் சிவப்பு ஸ்னோ பூட்ஸ் கொண்டுவந்து கொடுத்தவள். எங்கள் லேபில் டெக்னீஷியன். பகலில் வேலை, சாயங்காலம் மாஸ்டர்ஸ் படிப்பு. எனக்குப் பனியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். ஒரே ஒரு கல்ச்சரை, ஒரு மண்ணிலிருந்து வளர்த்தெடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டு பேரினம் என்றால் கேள்வி வரும், அதே இடத்திலிருந்து இன்னும் சில கிடைத்தால் நல்லது என்று பால் நினைத்தார். கேரல் அதையே தன் தீசிஸாக எடுத்துக்கொண்டாள். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்தச் சதுப்பு நிலத்துக்குக் கார் ஓட்டிப் போனாள். எங்கே எடுத்தாய், சரியாகக் காட்டு என்றாள். மரப்பாலத்திலிருந்து பத்தடி தள்ளி, கண்ணில் பட்ட ஒரு இடத்தைக் காட்டினேன். அவள் அங்கே ஒரு ஆரஞ்சுக் கொடி நட்டாள், நான் சேற்றைச் சுட்டிக்காட்டுவதுபோல ஒரு போட்டோகூட எடுத்தாள்.

இரண்டு கோடைகாலம் அவள் அந்தக் கொடியைச் சுற்றித் தோண்டினாள். திங்கட்கிழமைகளில் முழங்கால் வரை கீறலோடு வருவாள், குழாய்களை அடுக்குவாள், மூன்று வாரம் காத்திருப்பாள், ஒன்றும் வராது. ஒரு நாளும் என்மேல் சந்தேகப்படவில்லை. "என் கைதான் சரியில்ல. நீ பாக்டீரியா வளர்க்க மீடியா போடும்போது கூட நின்னு பாக்கட்டுமா?" என்று கேட்பாள். நின்று பார்த்தாள், நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் உப்பை எப்படி அளக்கிறேன் என்பதைக்கூட எழுதிக்கொண்டாள். இதற்கிடையில் எங்கள் கட்டுரை வெளியாகி, பெயர் அதிகாரபூர்வமாக ஏறிவிட்டது. எனக்கு ஒரு சம்பள உயர்வும் கிடைத்தது. நம் க்ரீன் கார்டு விண்ணப்பத்தில் இந்தக் கண்டுபிடிப்பைத்தான் வக்கீல் முதல் பக்கத்தில் வைத்தார். இப்படிப்பட்டவளை நாட்டை விட்டு அனுப்பலாமா என்கிற மாதிரி எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடும்போது என் பெயரையே தப்பாக எழுதி, புதுத் தாள் கேட்டு வாங்கினேன்.

இரண்டாவது கோடை முடியும்போது கேரலுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு முழங்கால் வீங்கியது. சதுப்பு நிலத்துப் புல்லில் மான் உண்ணி கடித்து வருகிற நோய் என்று டாக்டர் சொன்னார். அப்போதுதான் அந்த நோயைப் பற்றி எல்லாரும் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எலுமிச்சம்பழச் சாதம் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். சோபாவில், தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். சோற்றை மடியில் வைத்துக்கொண்டு, உற்சாகமாக, "நான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நான் தோண்டப் போன காலம் தப்பு. குளிர் விடுற நேரத்துலதான் அது மேல வரும்னு தோணுது. மார்ச்ல போய்ப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

நெவார்க் ஆபீஸில் எங்கள் க்ரீன் கார்டு இன்டர்வியூவுக்கு அப்போது தேதி கொடுத்திருந்தார்கள். நான் அந்த முழங்காலைப் பார்த்தேன். மார்ச்சில் போய்ப் பார் என்றேன்.

ஷீலா, என் வாழ்க்கையில் நான் செய்ததில் மோசமானது அந்த ஒரு வரி. மண்ணைக் கொண்டுவந்தது ஆசை, பதிவேட்டில் எழுதியது பயம். இது இரண்டும் இல்லை. எதிரே படுத்திருக்கிறவளின் வலியைக் கண்ணால் பார்த்த பிறகும் என் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டேன். பயந்தவர்கள் பாவம், அப்பாவிகள் என்று நாம் நினைக்கிறோம். ராபினோ நீயோ ஒரு நாள் அப்படிப் பயந்துபோய் நின்றால் அதை நம்பிவிடாதே. பயந்தவர்கள் பக்கத்தில் இருக்கிறவர்களை முன்னால் தள்ளிவிடுவார்கள். தள்ளிய கை தன்னுடையது என்றுகூடத் தெரியாது. எந்த ஆபீஸ் காகிதமாக இருந்தாலும் முதல் நாளே போய்க் கேட்டுவிடு. முடியாது என்று சொல்வார்கள், அவ்வளவுதான். முடியாது என்று சொல்லிக் கேட்டு யாரும் செத்ததில்லை.

மார்ச்சில் கேரல் போனாள், நொண்டிக்கொண்டு போனாள். மே மாதம் நம் கார்டுகள் தபாலில் வந்தன. அப்பா மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்து ஜெபம் பண்ணினார், எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை லேபில் நானும் கேரலும் மட்டும் இருந்தோம். உப்பளம், டப்பா, பதிவேடு, கொடி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த குழாயை ஸ்டாண்டில் வைத்தாள். பிறகு அவள் கேட்டது தன் தீசிஸைப் பற்றி இல்லை.

"குழந்தை பையிலயா வெச்ச?"

ஆமாம் என்றேன்.

"ஷீலா என்கிட்ட ரெண்டு மூணு தடவை கேட்டிருக்கா, லேபுக்கு போலீஸ் வருமான்னு. பார்க்கிங் தப்பா போட்டா வருவாங்கன்னு சொல்லிச் சிரிச்சேன். அவ என்ன கேக்கறான்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

பிறகு, "நான் பால்கிட்ட சொல்ல மாட்டேன். உனக்காக இல்ல. அவளுக்கு நீ முதல்ல சொல்லு. சொன்னதுக்கு அப்புறம் எனக்கு எழுது," என்றாள். இலையுதிர் காலத்தில் வேலையை விட்டுப் போய்விட்டாள். மாஸ்டர்ஸை முடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கேரல் ஆன்ட்டி ஏன் வருவதில்லை என்று நீ கேட்டாய். வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். அவள் எப்போதும் குடியிருந்த கார்டரெட்டில்தான் இருந்தாள், நம் வீட்டிலிருந்து அரை மணி நேரம்.

உன்னிடம் சொல்லாமல் இத்தனை வருஷம் எப்படி ஓட்டினேன் என்று கேட்பாய். முதலில் நீ சின்னப் பிள்ளை. பிறகு சிட்டிசன்ஷிப் விண்ணப்பம் வந்தது, பிடிபடாமல் ஏதாவது குற்றம் செய்திருக்கிறாயா என்று அதில் ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன், அதோடு பழைய பயத்துக்கு ஒரு புதுப் பூட்டு. பிறகு உன் படிப்பு. மான்மவுத் ஜங்ஷனில் இந்த வீடு. ஒவ்வொரு தடவையும் இழக்க ஏதாவது ஒன்று புதிதாக வந்துகொண்டே இருந்தது. இதற்குள் நீ கூச்சக்காரி என்பது உறுதியாகிவிட்டது. நம் சொந்தத்தில், சர்ச்சில் எல்லாரும் உன்னைப் பயந்தாங்கொள்ளி ஷீலா என்று கேலி செய்தபோது நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பெயரை உனக்கு வைத்தவள் நான், அது எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதை மறைத்தவளும் நான்.

எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. ஒரு பெயர் முறைப்படி வெளியான பிறகு, அது பொருத்தமாக இல்லை என்பதற்காக மட்டும் அதை மாற்ற முடியாது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததற்கு அமெரிக்கா என்று பெயர் வைத்திருந்தாலும் அது அப்படியேதான் இருக்கும். ஆனால் பெயருக்குக் கீழே இருக்கிற விவரத்தைத் திருத்தலாம். எது எங்கே கிடைத்தது, எப்படிப்பட்டது என்று யார் வேண்டுமானாலும் ஆதாரத்தோடு திருத்தி எழுதலாம். ஆகவே அந்தப் பாக்டீரியா கடைசிவரை நியூ ஜெர்ஸிக்காரியாகத்தான் இருக்கும், அதை நான் ஒன்றும் செய்ய முடியாது. உன் விஷயத்தில் விவரத்தையாவது திருத்துகிறேன். நீ பயந்த சுபாவத்தோடு பிறக்கவில்லை. தூத்துக்குடி போகும்போது விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லாரிடமும் போய் உன் பல் ஆடுவதைக் காட்டியவள் நீ. திரும்பி வந்தது வேறு பிள்ளை. என்னை மன்னித்துவிடு என்று கேட்கத்தான் வேண்டும், கேட்கிறேன். உடனே மன்னித்துவிடாதே, நிதானமாக யோசி.

கேரலுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். உனக்குச் சொன்னதற்குப் பிறகுதான் எழுத வேண்டும் என்றாள், அதனால் இது உன் கையில் கிடைத்த பிறகே அதைத் தபாலில் போடுவேன். பழைய விலாசம்தான் இருக்கிறது. திரும்பி வரலாம். பதில் வருமோ என்றும் பயமாக இருக்கிறது, வராதோ என்றும் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் செய்தேன். அந்தக் கல்ச்சரை ஒரு காப்பகத்தில் கண்ணாடிக் குப்பியில் உலர்த்தி வைத்திருக்கிறார்கள், உலகத்தில் யார் கேட்டாலும் அதிலிருந்துதான் அனுப்புவார்கள். விவரத்தைத் திருத்த வேண்டும் என்று அவர்களுக்கு எழுதிக் கேட்டேன், ஒரு படிவம் அனுப்பினார்கள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ரெண்டு பிடி மண்ணுக்காக எவன் வந்து நம்ம வாசல்ல நிக்கப்போறான்?" என்றார். "நான் நிக்கேன்ல," என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தன் பேனாவை என்னிடம் கொடுத்தார்.

பென்ஷனை நிறுத்துவார்களோ, சிட்டிசன்ஷிப்பைப் பிடுங்குவார்களோ என்று இந்த வயதிலும் யோசிக்கிறேன். கிடைத்த இடம்: தூத்துக்குடி, உப்பளம். சேகரித்தவர்: என் பெயர். அதற்கடுத்து, நாட்டுக்குள் கொண்டுவந்தவர் யார் என்று ஒரு வரி இருந்தது. அங்கே ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி எதையும் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்துதான் உட்கார்ந்தேன், நடந்ததை நடந்தபடி எழுதினால் அங்கே உன் பெயரும் வர வேண்டும் என்று தோன்றியது. பிறகு என் பெயரையே எழுதினேன். அது பொய் இல்லை, ஷீலா. நீ சுமந்தாய். கொண்டுவந்தது நான்.

உன் அம்மா